சர்வகலாசாலைப் புத்தகசாலையின் சீர்திருத்தம்

நமது சர்வகலாசாலைகளின் புத்தகசாலைகளைத் தற்காலக் கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் ஏற்றவாறு புதுப்பிக்க வேண்டும் என்பதை ஆட்சேபிப்பார் இன்று எவருமில்லை. ஆட்சேபணை இல்லாத கோரிக்கைகளுக்கே நமது நாட்டில் அதிக ஆபத்து உண்டு. எல்லோரும் தலையசைத்து விடுவதால், புதுப்பிப்பது என்றால் என்ன, யாருக்காக, எப்படி என்று கேட்பார் இல்லாமற் போகிறது. முடிவில் சுவருக்கு வர்ணம் பூசி, தரைக்குப் பளிங்கு பதித்து, நாலு கம்ப்யூட்டர்களை வரிசையாக வைத்து, மந்திரி ஒருவரைக் கொண்டு நாடாவை வெட்டச் செய்து காரியத்தை முடித்து விடுகிறார்கள். சென்னைச் சர்வகலாசாலைப் புத்தகசாலையை முன்னிட்டு இவ்விஷயத்தில் நமது அபிப்பிராயத்தைச் சிறிது விரிவாகவே சொல்ல விரும்புகிறோம்.

சென்னையை எடுத்துக் கொள்வதற்குக் காரணம் உண்டு. புத்தகங்களைச் சேர்த்து வைப்பது பண்டைக் காலந்தொட்டு எல்லா நாடுகளிலும் உள்ள வழக்கம். புத்தகசாலையை நடத்துவது ஒரு சாஸ்திரம் என்று வகுத்து, அதை அயல்நாட்டாரும் ஏற்கும்படி செய்த பெருமையில் ஒரு பங்கு நமது சேப்பாக்கத்துக்கு உரியது. சர்வகலாசாலை ஏற்பட்டது 1857-ல். அதற்கென்று தனியே ஒரு புத்தகசாலைத் தலைவரை நியமிக்க 1924 வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டு அப்பதவிக்கு வந்தவர் சீகாழியில் பிறந்தவரும் பிரஸிடென்ஸி கல்லூரியில் கணித ஆசிரியராக இருந்தவருமான ஸ்ரீ எஸ். ஆர். ரங்கநாதன். அவரைப் பயிற்சிக்காக லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே பெர்விக் ஸேயர்ஸ் என்ற ஆசிரியரிடம் கற்றதோடு நில்லாமல், இங்கிலாந்தின் பல நகரங்களிலுள்ள புத்தகசாலைகளையும் சுற்றிப் பார்த்தார். தொழிலாளியும், ஸ்திரீகளும், பள்ளிச் சிறுவர்களும் தாராளமாக வந்து படித்துப் போவதை அங்கே கண்டார். இங்கே புத்தகங்கள் நகைப் பெட்டியைப்போல் பூட்டுக்குள் இருந்தன.

1925-ல் திரும்பி வந்தவர் அலமாரிகளைத் திறந்து விட்டார். வாசிப்போர் தாமே புத்தக வரிசைகளுக்கிடையில் சென்று எடுத்துப் பார்க்கலாம் என்று செய்தார். புத்தகசாலை திறந்திருக்கும் நேரத்தை நீட்டினார். 1928-ல் சென்னைப் புத்தகாலயச் சங்கம் தோன்றிற்று. 1929-ல் அச்சங்கம் தொடங்கிய பயிற்சி வகுப்பை 1931-ல் சர்வகலாசாலையே ஏற்றுக் கொண்டது. புத்தகசாலை சாஸ்திரத்தின் ஐந்து விதிகளைப் பற்றிய அவருடைய நூல் 1931-லும், கோலன் பகுப்பு முறை 1933-லும் வெளிவந்தன. 1936-ல் கடற்கரையோரத்தில் புத்தகசாலைக்குச் சொந்தக் கட்டிடமும் கிடைத்தது. இவ்வளவும் நடந்தது பன்னிரண்டு ஆண்டுகளுக்குள். அந்நிய ஆட்சியில் நடந்தது. உலகமெங்கும் வியாபாரம் படுத்துப் போய்ப் பணமுடை தலைவிரித்தாடிய காலத்தில் நடந்தது. இன்று நிதி இல்லை என்று கையை விரிப்பவர்கள் இதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். பிற்காலத்தில் ரங்கநாதன் தம் வாழ்நாட் சேமிப்பிலிருந்து ஒரு லட்ச ரூபாயை இதே சர்வகலாசாலைக்கு அளித்து, புத்தகசாலை சாஸ்திரத்துக்குத் தம் மனைவியார் சாரதா அம்மையாரின் பெயரையும் சேர்த்து ஓர் ஆசிரியர் பீடத்தை ஏற்படுத்தினார். ஒரு ஆசிரியர் தம் சம்பாத்தியத்தைக் கொடுத்த இடத்தில் ஒரு சர்க்கார் தன் கடமையைக் கணக்குப் பார்க்கலாமா?

இனி, இக்காலத்து ஆராய்ச்சி மாணவன் ஒருவனுடைய நிலையைப் பார்ப்போம். 1906-ல் ஸ்ரீ சிதம்பரம் பிள்ளை தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பற்றி அவன் எழுத விரும்புகிறான் என்று வைத்துக் கொள்வோம். சர்க்கார் தஸ்தாவேஜுகளுக்கு அவன் எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். பழைய புத்தகங்களுக்கு 1896-ல் திறக்கப்பட்ட கன்னிமரா புத்தகசாலைக்குப் போக வேண்டும். துண்டுப் பிரசுரங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சிப் புத்தகசாலைக்குப் போக வேண்டும். இவற்றில் கிடைக்காததைத் தேடி லண்டனுக்குக் கடிதம் எழுத வேண்டும். ஒவ்வோரிடத்திலும் தனித் தனி ஜாபிதா. ஒவ்வொன்றும் ஒவ்வொரு முறை. எது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் அவனுடைய உபகாரச் சம்பளத்தின் காலம் பாதி கழிந்து விடுகிறது. ஆராய்ச்சி செய்ய வந்தவன் அலைச்சல் செய்து பட்டம் பெறுகிறான்.

ஆகவே முதலில் வேண்டுவது சென்னையிலும் வெளி ஜில்லாக்களிலும் உள்ள எல்லா ஆராய்ச்சிப் புத்தகசாலைகளுக்கும் பொதுவான ஒரே ஜாபிதா. இதற்குக் கட்டிடம் வேண்டாம், பளிங்கு வேண்டாம். தமிழறிந்த ஆட்கள் வேண்டும். தமிழறிந்த என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தமிழ்ப் புத்தகங்களின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் இங்கிலீஷ் எழுத்தில் எழுதி வைக்கும் விபரீத வழக்கம் நமது புத்தகசாலைகளை விட்டு இன்னும் ஒழிந்தபாடில்லை. ழகரத்தை ஒருவர் ஒருவிதமாக எழுதுகிறார், மற்றொருவர் வேறுவிதமாக எழுதுகிறார். ணகரமும் னகரமும் ஒன்றாகி விடுகின்றன. சுப்பிரமணியன் என்ற ஒரே பெயர் ஆறு உருவம் எடுத்து ஆறு இடத்தில் ஒளிந்து கொள்கிறது. அலமாரியில் இருக்கும் புத்தகம் இல்லையென்று பதில் வருகிறது. தமிழ்ப் புத்தகத்தைத் தமிழெழுத்தில் பதிவு செய்வதற்குக் கம்ப்யூட்டர் தடை சொல்வதில்லை. தடை நமது சோம்பலே.

பத்திரிகைகளின் விஷயத்தில் இந்திய சர்க்கார் ஒரு நல்ல காரியம் செய்திருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். விஞ்ஞான ஆராய்ச்சிப் பத்திரிகைகளின் சந்தா, ஒவ்வொரு கல்லூரியும் தனித் தனியே கட்டமுடியாத அளவுக்கு ஏறிப் போய்விட்டது. தேசம் முழுவதற்குமாக ஒரே சந்தா என்ற திட்டத்தை மந்திரி சபை 2024 நவம்பரில் அங்கீகரித்தது. 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். முப்பது பிரசுர ஸ்தாபனங்களின் ஏறக்குறைய 13,000 பத்திரிகைகள். 6,300-க்கு மேற்பட்ட சர்க்கார் கல்வி ஸ்தாபனங்கள். மதுரையிலும் திருநெல்வேலியிலும் படிக்கும் மாணவன், பம்பாயிலும் டில்லியிலும் படிப்பவன் வாசிக்கும் அதே பத்திரிகையை வாசிக்கலாம் என்பது சிறிய லாபமன்று.

எனினும் இதில் இரண்டு விஷயங்களை மறக்கலாகாது. முற்காலத்தில் சந்தா கட்டி வாங்கிய பத்திரிகை புத்தகசாலைக்குச் சொந்தமாயிற்று; சந்தா நின்றாலும் பழைய தொகுதிகள் அலமாரியில் இருந்தன. இப்போதைய ஏற்பாடோ வாடகை வீட்டுக் குடித்தனத்தைப் போன்றது. பணம் கட்டுகிற வரையில் கதவு திறந்திருக்கும். தவணை முடிந்தபின் பழைய ஆண்டுகளின் இதழ்களுக்காவது உரிமை நீடிக்குமா என்பதை ஒப்பந்தம் எழுதும்போதே பேசித் தீர்த்துக் கொள்ள வேண்டும். மற்றொன்று, பெரிய பிரசுரக் கம்பெனிகளின் பத்திரிகைகள் பெரும்பாலும் இங்கிலீஷில் உள்ளவை. தமிழிலக்கியம், தமிழ்நாட்டுச் சரித்திரம், சாஸனம் ஆகியவற்றில் உழைப்பவனுக்கு வேண்டிய கருவிகளை எல்ஸ்வியரும் ஸ்பிரிங்கரும் கொண்டு வந்து கொடுக்கப் போவதில்லை. அவை இங்கே, நமது அலமாரிகளிலேயே, நாளுக்கு நாள் பொடியாகிக் கொண்டிருக்கின்றன.

பொடியாகிக் கொண்டிருக்கின்றன என்பது அலங்காரமாகச் சொன்னதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து மரக்கூழில் காகிதம் செய்யலாயினர். மை ஊறாமலிருக்கப் படிக்காரம் சேர்த்தார்கள். அதனால் காகிதத்தில் அமிலம் உண்டாகி, அது தன்னைத் தானே தின்று கொள்கிறது. கந்தலிலிருந்து செய்த பழைய காகிதமும், எண்ணெயிட்டுக் காத்த பனையோலையும் இருநூறு ஆண்டு தாங்கியிருக்க, 1920-ல் அச்சான பத்திரிகைத் தாள் விரல் பட்டாலே அப்பளமாக நொறுங்குகிறது. உஷ்ணமும் ஈரமும் இந்த அழிவைத் துரிதப்படுத்துகின்றன. நமது சர்வகலாசாலையோ கடலுக்கு எதிரிலேயே இருக்கிறது! ஏ.ஸி. இயந்திரம் வைத்தால் போதும் என்று எண்ணுபவர்களுக்கு ஒரு வார்த்தை. பகலில் வாசிப்போர் சௌகரியத்துக்காகக் குளிரவைத்து, இரவில் மின்சாரச் செலவுக்கு அஞ்சி நிறுத்துவதைவிட, இயந்திரமே இல்லாமல் ஜன்னலைத் திறந்து வைப்பது மேல். குளிர்ந்த புத்தகத்தின்மேல் இரவின் ஈரக்காற்றுப் பட்டால் பூஞ்சாளம் பூக்காமல் என்ன செய்யும்? புத்தகங்கள் இருக்கும் அறைக்கு இரவும் பகலும் ஒரே நிதானமான குளிர்ச்சி வேண்டும். மனிதர் இருக்கும் அறைக்கு மின்விசிறி போதும். நாம் பார்க்கிற பல புத்தகசாலைகளில் ஏற்பாடு இதற்கு நேர் தலைகீழாக இருக்கிறது.

உடையும் புத்தகங்களைப் படமெடுத்துக் காப்பாற்றலாமே என்பர். எடுக்கத்தான் வேண்டும். சட்டமும் இடங்கொடுக்கிறது. லாப நோக்கமில்லாத பொதுப் புத்தகசாலை, தன்னிடமுள்ள அச்சுப் பிரதியைப் பாதுகாப்புக்காக மின்னணு முறையில் சேமிக்கலாம் என்று 2012-ல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. ஆசிரியர் காலஞ்சென்று அறுபது ஆண்டு கடந்த நூல்களுக்கு அந்தத் தடையும் இல்லை. ஆனால் இவ்வேலையை யாரோ ஒரு காண்டிராக்டரிடம் பக்கத்துக்கு இவ்வளவு காசென்று விட்டுவிடுவதை வன்மையாகக் கண்டிக்கிறோம். பக்கத்துக்குக் காசு வாங்குபவன் வேகமாகப் புரட்டுவான். புத்தகத்தின் முதுகை முறித்து இயந்திரத்தில் கவிழ்ப்பான். மடித்து வைத்த படத்தையும் அட்டையிலுள்ள விளம்பரத்தையும் விட்டுவிடுவான். சரித்திரக்காரனுக்கோ சில சமயம் நூலைவிட அந்த விளம்பரமே முக்கியம். மேலிருந்து படமெடுக்கும் இயந்திரமும், ஏட்டை மெதுவாகத் திருப்பும் கையும் வேண்டும்.

படத்தில் உள்ள எழுத்தைக் கம்ப்யூட்டர் வாசித்துத் தேடுவதற்கு உதவ வேண்டுமானால் இன்னொரு சங்கடம் இருக்கிறது. 1978-ல் தமிழ்நாட்டு சர்க்கார் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதற்கு முன் அச்சான நூல்களில் ணை, லை, ளை, னை என்பவை துதிக்கை போட்ட உருவத்தில் இருக்கும். ணா, றா, னா என்பவற்றுக்கும் வேறு வடிவம். இக்காலத்து எழுத்தை மட்டும் பயின்ற இயந்திரம் அவற்றைக் கண்டு திகைக்கிறது. அந்தப் பழைய வடிவங்களை இயந்திரத்துக்குக் கற்பிப்பது எந்த அயல்நாட்டுக் கம்பெனியின் வேலை? தமிழ் லெக்ஸிகனை 1924 முதல் 1936 வரையில் பகுதி பகுதியாக வெளியிட்டு, லட்சத்துக்கு மேற்பட்ட சொற்களை வரிசைப்படுத்திய சர்வகலாசாலை அல்லவா இது! அதனுடைய தமிழ்ப் பகுதியும் கணிதப் பகுதியும் கம்ப்யூட்டர் பகுதியும் ஒன்று கூடினால் இதைவிடப் பொருத்தமான ஆராய்ச்சி வேறு என்ன இருக்கிறது? மின்னணுப் பிரதி சிரஞ்சீவி என்ற மூடநம்பிக்கையும் வேண்டாம். யூனிகோட் பரவுவதற்கு முன் எத்தனையோ விதமான எழுத்துருக்களில் தமிழைத் தட்டி வைத்தார்கள். அவற்றில் பல இன்று திறந்தால் அர்த்தமில்லாத குறிகளாகத் தெரிகின்றன. இருபது வருஷத்துக்குள் ஏற்பட்ட கதி இது. 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்டபின், எல்லாப் பிரதிகளையும் சென்னைக்குள்ளேயே வைப்பதும் விவேகமாகாது.

இவ்விடத்தில் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரைப் பற்றிச் சொல்லாமலிருக்க முடியவில்லை. சர்வகலாசாலைகளும் சர்க்காரும் குப்பையென்று ஒதுக்கிய நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கலியாணப் பத்திரிகை, வாரப் பதிப்பு எல்லாவற்றையும் தனி மனிதராகத் தம் பொருளைச் செலவிட்டுச் சேர்த்தார். அவர் 1992-ல் காலமானார். அந்தச் செல்வத்தை 1994-ல் விலைக்கு வாங்கியது எது? சிகாகோ சர்வகலாசாலை. வாங்கியதைக் கப்பலேற்றிக் கொண்டு போகாமல் சென்னையிலேயே வைத்து, படச்சுருளில் பதிவு செய்து, நமது மாணவர்களுக்கே பயன்படச் செய்தார்கள். அவர்களுக்கு நாம் நன்றி செலுத்துகிறோம். அந்தச் சந்தர்ப்பத்தில் நமது ஸ்தாபனங்கள் எங்கே போயிருந்தன என்று கேட்கவும் நமக்கு உரிமை உண்டு.

இதைப் போன்ற வேடிக்கை இன்னொன்றும் உண்டு. தேசீயப் போராட்டத்தின்போது வெள்ளைக்கார சர்க்கார் எத்தனையோ தமிழ்ப் பாட்டுப் புத்தகங்களையும் துண்டுப் பிரசுரங்களையும் பறிமுதல் செய்தது. வீதியில் பாடியவர்களிடம் இருந்த பிரதிகள் போன இடம் தெரியவில்லை. பறிமுதல் செய்தவன் மட்டும் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியை நம்பரிட்டுக் கட்டி வைத்தான். இன்று சுதந்திரப் போரின் சரித்திரத்தை எழுதுபவன் அவற்றைப் படிக்க ஆவணக் காப்பகங்களுக்கும் லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரிக்கும் போகிறான். ஜெயிலுக்குப் போனவர்களின் வாரிசுகளாகிய நாம் பாதுகாக்காததை, ஜெயிலில் போட்டவனுடைய குமாஸ்தா பாதுகாத்தான்! 1867-ம் வருஷத்து அச்சுப் புத்தகப் பதிவுச் சட்டத்தின் பயனாகச் சீமைக்குப் போய்ச் சேர்ந்த தமிழ்ப் புத்தகங்களும் அனந்தம். அவற்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமென்று மேடையில் முழங்குவதால் கைதட்டல் கிடைக்கும். அவற்றின் பிரதிகளைக் கேட்டு வாங்கினால் புத்தகம் கிடைக்கும். நாம் இரண்டாவதையே விரும்புகிறோம்.

காலத்தின் கை மாத்திரமன்று, மனிதரின் கையும் புத்தகத்தை அழிக்கும். யாழ்ப்பாணத்தில் பொதுப் புத்தகசாலைக்கு 1954-ல் அஸ்திவாரம் போட்டபோது அதற்கு ஆலோசனை சொல்ல அழைக்கப்பட்டவர் நமது ரங்கநாதன். கட்டிடத்துக்கு வரைபடம் தந்த நரசிம்மனும் சென்னைக்காரர். 1981 மே மாதக் கடைசி இரவில் மூட்டிய தீயில் அப்புத்தகசாலையும் ஏறக்குறைய 97,000 புத்தகங்களும் சாம்பலாயின. அச்சுப் புத்தகங்களை மீண்டும் வாங்கினார்கள். கட்டிடத்தையும் மீண்டும் எழுப்பினார்கள். வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகள் போனது போனதுதான். பிரதி எடுத்து வேறூரில் வைத்திருந்தால் என்ற நினைப்பு ஒவ்வொரு தமிழனையும் இன்றும் உறுத்துகிறது. சேப்பாக்கத்திலும் திருவல்லிக்கேணியிலும் தஞ்சாவூரிலும் ஒற்றைப் பிரதியாக இருப்பவற்றைப் பற்றி நமக்கு அந்த உறுத்தல் ஏன் இல்லை?

பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி வரும். சென்னைச் சர்வகலாசாலையின் கஷ்டம் ஊரறிந்தது. 2024-ல் வருமானவரி இலாகா அதன் பாங்குக் கணக்குகளை முடக்கியதையும் படித்தோம். ஆனால் புத்தகசாலைக்கென்று சர்க்காரிடம் பணமே இல்லை என்பதை நாம் நம்பத் தயாரில்லை. 2010-ல் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டுப் புத்தகசாலை எழுந்தது. 2023-ல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டுப் புத்தகசாலை எழுந்தது. இரண்டும் நல்ல காரியங்களே. தலைவர்களின் பெயரில் புதிய கட்டிடம் எழுப்ப மனமுண்டானால் பணமுண்டாகிறது; ஏற்கெனவே உள்ள புத்தகத்துக்குத் தையல் போட மட்டும் பொக்கிஷம் வற்றிப் போகிறது. 1948-ல் நிறைவேறிய சென்னைப் பொதுப் புத்தகசாலைச் சட்டம் சொத்து வரியோடு ஒரு மேல்வரி விதித்து, ஊர்ப் புத்தகசாலைகளுக்கு நிரந்தர வருமானம் தேடித் தந்தது. அம்மாதிரி நிச்சயமான ஆதாரம் சர்வகலாசாலைப் புத்தகசாலைகளுக்கு இல்லை. ஆண்டுதோறும் பட்ஜெட்டில் வெட்ட வேண்டிய இடம் எது என்று தேடும் கத்தரிக்கோல் முதலில் அங்கேதான் போய் நிற்கிறது. சட்டசபை இதற்கென ஒரு சட்டம் செய்து, சர்வகலாசாலைகளுக்கு அளிக்கும் மானியத்தில் குறிப்பிட்ட ஒரு பங்கு புத்தகசாலைக்கு என்றும், அதை வேறெதற்கும் மாற்றக் கூடாதென்றும் விதிக்க வேண்டும். கேட்க யாரும் முன்வராவிட்டால் கொடுக்கவும் யாரும் முன்வரமாட்டார்கள். ஆகையால் அரசியல் தொண்டர்கள் தங்கள் தங்கள் தொகுதி அங்கத்தினரிடம் இதைக் கேட்க வேண்டும்.

அந்தப் பணத்தில் முதற் பங்கு மனிதருக்கு. காலியான புத்தகசாலைப் பதவிகளைத் தினக்கூலிக்காரரைக் கொண்டு ஒப்பேற்றுவது, நோயாளிகளை வைத்தியசாலைக் காவற்காரனிடம் ஒப்படைப்பதற்குச் சமானம். வாசிப்பவனுக்குத் தான் தேடுவது இன்னதென்றே சில சமயம் தெரியாது. அதைத் தெரிவிப்பவனே புத்தகசாலைக்காரன். ஷோத்கங்காவில் எத்தனையோ ஆராய்ச்சிக் கட்டுரைகள் ஏறியிருக்கின்றன; 2009-க்கு முன் எழுதப்பட்டவற்றில் எவை அதில் உண்டு, எவை இன்னும் அலமாரியில் மட்டும் உண்டு என்று எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டாமா?

கதவு யாருக்குத் திறக்கும் என்பதையும் தீர்மானிக்க வேண்டும். அடையாளச் சீட்டு உள்ள மாணவனுக்கு மாத்திரமே என்றால், வரி கொடுக்கும் குடியானவனின் மகன், வேலைக்குப் போய்க் கொண்டே சரித்திரம் எழுதும் பள்ளி உபாத்தியாயர், பட்டமில்லாத தமிழ்ப் புலவர் ஆகியோருடைய கதி என்ன? 1931-ல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். மாட்டு வண்டியில் ஆனது மின்சாரக் கம்பியில் ஆகாதா? வெளியூர்க்காரன் ஒரு புத்தகத்தின் பத்துப் பக்கத்துக்காக ரயிலேறி வரவேண்டிய அவசியம் இனி இருக்கலாகாது. நேரில் வருபவனுக்கு ஞாயிற்றுக்கிழமையிலும் இரவு எட்டு மணி வரையிலும் இடமிருக்க வேண்டும்.

இவையெல்லாம் ஒரே ஆண்டில் ஆகக் கூடியவை என்று நாம் சொல்லவில்லை. ஆறு மாதத்தில் ஆகக் கூடியது ஒன்று உண்டு. 1950-க்கு முன் வெளிவந்த தமிழ்ப் பத்திரிகைகளிலும் நூல்களிலும் தன்னிடம் உள்ளவை எவை, அவற்றில் புரட்டத் தக்க நிலையில் உள்ளவை எவை, தொட்டால் உடைபவை எவை, வேறெங்கும் பிரதியில்லாதவை எவை என்று கணக்கெடுத்து, அந்த ஜாபிதாவைத் தமிழில் அச்சிட்டுச் சர்வகலாசாலை வெளியிடட்டும். சுவருக்கு என்ன வர்ணம் பூசுவது என்பதை அதன் பிறகு யோசித்துக் கொள்ளலாம்.